கண்ணாடியில் ஊர்ந்த உயிர்

வீட்டு மீன்தொட்டியின் கண்ணாடியில் படியும் அழுக்கை நாம் யோசியாமல் துடைத்துவிடுகிறோம். விலங்கியல் வரலாற்றின் ஒரு பக்கம் அத்தகைய கண்ணாடியில்தான் தொடங்கிற்று.

1883-ஆம் ஆண்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், கடல்நீர்த் தொட்டியொன்றின் சுவரில் ஊர்ந்த தட்டையான உயிரொன்றை ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்சே கண்டார். குறுக்களவு சில மில்லிமீட்டரே. வாயில்லை, குடலில்லை, நரம்பில்லை; இடம் வலம் என்ற பேதமுமில்லை. நுண்மயிர்களால் நகர்ந்து, உணவின்மேல் படர்ந்து, அடிப்பரப்பாலேயே அதைச் செரித்தது. 'டிரைகோபிளாக்ஸ் அதேரன்ஸ்' எனப் பெயரிட்டார். ஒட்டிக்கொள்ளும் மயிர்த்தகடு என்று பொருள்.

1907-இல் திலோ கிரும்பாக் என்பார், இது தனி விலங்கன்று, ஜெல்லிமீன் வகையொன்றின் இளம்பருவமே என்றார். உலகம் அதை நம்பிற்று. ஷுல்ட்சேயின் மறுப்பு எடுபடவில்லை. அறுபதாண்டுகள் அவ்வுயிர் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது.

பின்னர் செங்கடல் பாசியோடு வந்த அதனைக் கார்ல் கிரெல் வளர்த்து ஆராய்ந்தார். அதனுள் முட்டைகள் உருவாவதைக் கண்டார். இளம்பருவம் முட்டையிடுமா? 1971-இல் 'பிளாக்கோசோவா' என்னும் தனித்தொகுதியையே அதற்காக நிறுவினார். 2008-இல் அதன் மரபணுத்தொகுதி வெளியாயிற்று: ஏறத்தாழ 11,500 மரபணுக்கள். நரம்பற்ற அவ்வுடலில், பிற விலங்குகளின் நரம்புகளுக்கு உதவும் மரபணுக்கள் பலவும் இருந்தன.

ஏடு பயில்வோர்க்கு இக்கதை புதிதன்று. ஒருவர் 'இடைச்செருகல்' என ஒதுக்கிய பாடலை, பின்வந்தோர் ஏட்டைப் புரட்டாமலே ஒதுக்குவதை நாம் கண்டிருக்கிறோம். நாமும் செய்திருக்கிறோம்.

கடல்நீர் மீன்தொட்டிகளில் அவ்வுயிர் இன்றும் ஊர்கிறது. துடைக்குமுன் ஒருகணம் உற்று நோக்குவோம்.