அச்சத்துக்கு இட்ட எழுத்து

திகில் படங்களின் தரத்தை அவற்றின் வயதுச் சான்றிதழே தீர்மானிக்கிறது என்று வாதிடுவோர் உளர். வயது வந்தோர்க்கு மட்டும் என முத்திரை பெற்றதே உண்மையான திகில் படம். சிறுவர்க்கும் வாயில் திறந்துவிட்டால் அது நீர்மோராகிவிடும் என்பது அவர்தம் கருத்து. இது முற்றிலும் பொய்யன்று. ஆயினும் இங்கிலாந்தின் திரைப்பட வரலாற்றைப் புரட்டினால் செய்தி வேறு விதமாகத் தெரிகிறது.

அந்நாட்டுத் தணிக்கை வாரியம் 1913-ல் பணி தொடங்கியபோது ‘யூ’, ‘ஏ’ என இரண்டே சான்றிதழ்கள் இருந்தன. 1932-ல் அமெரிக்காவிலிருந்து ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வந்து சேர்ந்ததும் அவை போதவில்லை. பெற்றோரை எச்சரிக்க ‘எச்’ என்னும் எழுத்துப் பிறந்தது. முதலில் வெறும் அறிவுரையாயிருந்த அது, 1937-ல் 16 வயதுக்கு உட்பட்டோரைத் தடுக்கும் கட்டாயச் சான்றிதழாயிற்று. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, அத்தகைய படங்களுக்கு அனுமதியே கிடையாது. 1951-ல் ‘எச்’ போய் ‘எக்ஸ்’ வந்தது.

இங்கேதான் வேடிக்கை. ஒதுக்கி வைப்பதற்காக இட்ட எழுத்தையே விளம்பரமாக்கிக் கொண்டது ஹாமர் என்னும் சிறு நிறுவனம். 1955-ல் தன் ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ படத்தின் பெயரில், ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை உதிர்த்துவிட்டு, ‘எக்ஸ்’ முன்னே நிற்குமாறு எழுதிற்று. கூட்டம் திரண்டது. 1957-ல் ஃபிராங்கன்ஸ்டைன் கதையையும், 1958-ல் டிராகுலா கதையையும் வண்ணத்தில், செங்குருதி தெரியக் காட்டினார்கள். ‘எக்ஸ்’ பெற்றதனால் கத்தரி ஓய்ந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். டிராகுலா அழியும் காட்சியில் வெட்டுண்ட பகுதி, பல்லாண்டுகள் கழித்து ஜப்பானில் கிடைத்த பிரதியிலிருந்து மீட்கப்பட்டு, 2012-ல் புதுப்பித்த படத்தில் சேர்க்கப்பட்டது.

அதே ‘எக்ஸ்’ பெற்ற இன்னொரு படம், 1961-ல் ஜாக் கிளேட்டன் இயக்கிய ‘தி இன்னசென்ட்ஸ்’. ஹென்றி ஜேம்ஸின் கதையைத் தழுவியது. குருதி பெருக்கி அச்சுறுத்தும் படமன்று இது. பட்டப்பகலில், ஏரியின் அக்கரையில், நாணற் புதர்களிடையே கருப்புடை அணிந்த பெண்ணொருத்தி அசையாமல் நிற்கிறாள், அவ்வளவுதான். பார்ப்பவர் நெஞ்சு உறைந்துபோகிறது. தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்கிறோம். அரபியில் ‘ளமீர் முஸ்ததிர்’. வினை நிகழ்ந்திருக்கும், செய்தவர் சொல்லில் வெளிப்பட மாட்டார். சிறந்த திகில் படத்தின் இலக்கணமும் ஏறக்குறைய இதுவே. ஹாமரின் குருதிக்கும் கிளேட்டனின் மௌனத்துக்கும் ஒரே எழுத்தைத்தான் வாரியம் இட்டது. எனவே எழுத்தை வைத்துத் தரத்தை அளக்க முற்படுவது வீண் வேலை. வாயிலில் காவல் இருப்பதால் உள்ளேயுள்ள கலை கெடுவதில்லை. காவலனுக்கு ஏற்றாற்போல் கலையையே வெட்டித் தைக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது என்பது என் துணிபு.

அதற்குச் சான்றும் ஹாமரே. உரிமையாளர் மாறி மீண்டெழுந்த அந்நிறுவனத்தின் பெயரில் 2012-ல் ‘தி வுமன் இன் பிளாக்’ வெளிவந்தது. நாயகர், ஹாரி பாட்டராக நடித்துச் சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்த டேனியல் ராட்க்ளிஃப். வெட்டாமல் வெளியிட்டால் 15 வயதுச் சான்றிதழ் கிடைத்திருக்கும். நிறுவனமோ ‘12ஏ’ வேண்டுமென்று ஆறு நொடிக் காட்சிகளை நீக்கியது; சில காட்சிகளை இருளாக்கியது; சில இடங்களில் ஒலியைத் தணித்தது. ஒரு காலத்தில் கடுமையான எழுத்தைக் கூவி விற்ற பெயர், இப்போது மென்மையான எழுத்துக்காகத் தன் படத்தையே குறைத்துக் கொண்டது.

பயன் என்ன? பெரியவர்களுக்குக் கிடைத்தது குறைபட்ட படம். ‘12ஏ’ என்றால் பெரியவர் துணையுடன் 12 வயதுக்குக் குறைந்த குழந்தையும் உள்ளே போகலாம். அப்படிப் போன குழந்தைகள் நடுங்கினர். இருளாக்கிய காட்சியில் அச்சம் குறைந்துவிடும் என்று எண்ணியவர்கள் அந்த ஏரிக்கரைப் பெண்ணை மறந்துவிட்டார்கள் போலும். அவ்வாண்டு இந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் வாரியத்துக்கு வந்த முறையீடுகள் 134.