விடுபட்ட ஒரு கோடு: பட்டோவியமும் பரம்பரை என்னும் கதையாடலும்

‘பரம்பரைச் சொத்து’ என்கிற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டியிருக்கிறது. ஒரு சீனப் பட்டோவியத்தின் காலத்தைக் கணிக்கப் புகும்போது, அது யார் யார் கை மாறி வந்தது, எப்படி மாறியது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள ‘அரசவைப் பெண்களுக்கான அறிவுரைகள்’ என்னும் பட்டுச்சுருளை இங்கே வாசித்துப் பார்க்கலாம்.

கி.பி. 292இல் ஜாங் ஹுவா என்ற அரசவை அதிகாரி எழுதிய பிரதியைச் சித்திரமாக்குகிறது இது. பேரரசி ஜியாவின் மீதான மறைமுகக் கண்டனம் அந்தப் பிரதி. பெண் எப்படி நிற்க வேண்டும், எவ்வளவு ஆசைப்படலாம் என்று ஆண் வகுத்த இலக்கணம். மன்னனைக் காக்கக் கரடிமுன் போய் நிற்கிறாள் ஒருத்தி. மன்னனோடு பல்லக்கிலேற மறுக்கிறாள் இன்னொருத்தி. 12 காட்சிகளில் மிஞ்சியவை 9.

வரைந்தவர் 4ஆம் நூற்றாண்டின் கு கைஜி என்பது மரபு. அப்படியே நம்பிவிடுவதா? 5ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் செய்யப்பட்ட நகல் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. நகல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பட்டு நைந்துபோகும், நகலெடுத்தால்தான் ஓவியம் பிழைக்கும். அந்த மரபில் நகலெடுப்பது கல்வி. ஏமாற்றுகிறவர்களும் இருந்தார்கள்தான். 1957இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 10ஆம் நூற்றாண்டுப் படைப்பென்று வாங்கிய ஓர் ஓவியம், ஜாங் டாசியன் (1899–1983) கைவேலை என்று பின்னால் தெரிந்துபோச்சு.

சரி, விஞ்ஞானத்திடம் கேட்டால்? கார்பன் சோதனை பட்டின் வயதைச் சொல்லும், தூரிகை பட்ட நாளைச் சொல்லாது. பழம்பட்டைத் தேடிப்பிடித்துப் புதிதாக வரைய முடியும். நிறங்கள் ஓரளவு காட்டிக்கொடுக்கும்: பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உண்டானது. அது இருந்தால், ஒன்று ஓவியம் அதற்குப் பிந்தியது, அல்லது பிற்பாடு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்.

முத்திரைகளுக்கு வருவோம். வைத்திருந்தவர்களெல்லாம் ஓவியத்தின் மேலேயே முத்திரை குத்தினார்கள். சியன்லாங் பேரரசரும் (ஆட்சி 1736–1795) விட்டுவைக்கவில்லை. ஆனால் முத்திரையையும் போலியாகச் செய்யலாம் அல்லவா? இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் உதவுகிறது. சுருளிலுள்ள ஒரு கையெழுத்துப் பகுதி, சோங் பேரரசர் ஹுய்சோங்கினது (ஆட்சி 1100–1126) என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவருடைய மெலிந்த எழுத்துப் பாணி அது. ஆனால் ஓர் எழுத்தில் ஒரு கோடு குறைகிறது. அரச முன்னோரின் பெயரெழுத்தை முழுசாக எழுதலாகாது என்பது அங்கே விலக்கு. குறைந்த எழுத்து, ஜின் பேரரசர் ஜாங்சோங்கின் (ஆட்சி 1189–1208) தந்தை பெயரில் வருவது. ஆக எழுதியவர் ஜாங்சோங். 1127இல் சோங் தலைநகரைச் சூறையாடி ஹுய்சோங்கைச் சிறைபிடித்துப் போனது இதே ஜின் அரசுதான். வென்றவர்களின் வழியினர் தோற்றவனின் கையெழுத்தைப் பழகியிருக்கிறார்கள்!

1900இல் பாக்ஸர் எழுச்சியை ஒடுக்கப் போன எட்டு நாட்டுப் படைகள் பீகிங்கைச் சூறையாடின. பிரிட்டன் அனுப்பியதில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வங்காள ஈட்டிக் குதிரைப்படையின் காப்டன் கிளாரன்ஸ் ஜான்சன் கைக்குச் சுருள் வந்தது அந்தச் சமயத்தில். உயர்குலச் சீமாட்டி ஒருத்தியின் குடும்பத்தைக் காப்பாற்றியதற்குப் பரிசாம். குடும்பத்தார் சொல்லிவந்த கதை. சுருளைக் கட்டும் பச்சைக்கல் கொளுக்கியின் விலையை அறியத்தான் அவர் அருங்காட்சியகத்துக்குப் போனார். ஓவியத்தை அடையாளம் கண்டவர்கள் 1903இல் 25 பவுனுக்கு வாங்கிக்கொண்டார்கள்.

அருங்காட்சியகப் பதிவேட்டில் அந்த விற்பனை ‘கையகப்படுத்தல்’ ஆகிவிடுகிறது. அதுவும் ஒரு முத்திரைதான். சியன்லாங்கின் முத்திரையை எவ்வளவு சந்தேகத்தோடு வாசிக்கிறோமோ, இதையும் அவ்வளவு சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும். தாத்தா கொண்டுவந்தது என்று சொல்லப்படும் பட்டோவியம் எந்த வீட்டில் இருந்தாலும், தாத்தா எந்த ஆண்டு, எந்தப் படையோடு அங்கே போனார் என்ற கேள்வியிலிருந்தே காலக்கணிப்பைத் தொடங்கலாம்.