எரிந்தன, எரித்தனர்

‘குடிசைகள் எரிந்தன’ என்பது தன்வினை. ‘குடிசைகளை எரித்தனர்’ என்பது பிறவினை. வகுப்பில் இவ்வேறுபாட்டை விளக்கச் செய்தித்தாள் ஒன்றை எடுத்துச் செல்வது என் வழக்கம். சாதி மோதல் பற்றிய செய்தியில் எழுவாயைத் தேடும்படி மாணவர்களிடம் சொல்வேன். பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. விழுப்புரம் வட்டாரத்தில் இது வெறும் இலக்கணப் பயிற்சியன்று.

1978 ஜூலையில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த விழுப்புரத்தில், தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டனர். பெரிய காலனியில் குடிசைகள் தீக்கிரையாயின. நானும் எழுவாயின்றியே எழுதியிருக்கிறேன் என்பதை வாசகர் கவனிக்கலாம். பழக்கம் அத்தனை ஆழமானது. அந்நிகழ்வு இன்றளவும் ‘விழுப்புரம் கலவரம்’ என்றே பரவலாகச் சுட்டப்படுகிறது. அச்சொல்லில் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் சமமாக நிற்கின்றனர். மாண்ட 12 பேரும் ஒரே தரப்பினர் என்ற உண்மை அதனுள் மறைந்துபோகிறது.

இதற்கு அரசின் தணிக்கையைக் காரணம் காட்ட இயலாது. நெருக்கடிநிலைத் தணிக்கை 1977 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. 1976இல் கலைக்கப்பட்ட பத்திரிகை மன்றமோ 1979இல்தான் மீண்டும் அமைக்கப்பட்டது. எனவே 1978 ஜூலையில் இதழ்களைத் தடுக்கத் தணிக்கையாளரும் இல்லை, தட்டிக்கேட்க மன்றமும் இல்லை. சுதந்திரம் இருந்தது, எழுவாய்தான் இல்லை.

இதழியல் சுதந்திரம் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது 1987 ஏப்ரல். அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே, சில நாட்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் உயர்நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், திண்டிவனத்தில் மருத்துவராயிருந்த ராமதாஸ் நிறுவிய வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கோரி ஒரு வாரச் சாலை மறியலை நடத்தியது. அதில் 21 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்கள். அதே நாட்களில் தலித் குடியிருப்புகளும் தாக்கப்பட்டன. சுட்டது காவல்துறை என்று எழுதுவதற்கு ஒருவகைத் துணிவு வேண்டும். குடியிருப்புகளைத் தாக்கியது யார் என்று எழுதுவதற்கு வேறுவகைத் துணிவு வேண்டும். முன்னதில் எதிரே நிற்பது அரசு. பின்னதில் எதிரே நிற்பது சொந்த ஊர். அரசு தண்டித்தால் ஆணை உண்டு, மேல்முறையீடு உண்டு. ஊர் தண்டித்தால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

சாதிப்பெயரை அச்சிட்டால் தீ அடுத்த ஊருக்கும் பரவும் என்ற அச்சம் பொய்யன்று. முதல் நாள் அந்த நிதானம் உயிர்களைக் காக்கவும் கூடும். ஆனால், ஆண்டுகள் பல கடந்த பின்னும் அது நீடிப்பின், காக்கப்படுவோர் யார் என்று கேட்டாக வேண்டும்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாக வழங்கப்பட்ட பெயரையே அவர் தலைப்பாக வைத்தார். தம் மக்களின் வழக்கைத் தாமே எழுவாயாக நின்று எழுதியாக வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். விழுப்புரத்தின் 12 பேருக்கு நம் மொழி செய்ய வேண்டிய கடன் எளியது: ஒரு முழு வாக்கியம்.