பாடும் பட்டியலும்: பழவேற்காட்டுச் சித்தாள்களும் கட்டுமான நலநிதியும்



பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் சுத்துவலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் குடும்பங்களிடம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. பொதுச்சொத்தை மக்களே நிர்வகிப்பதற்கு நல்ல முன்மாதிரி என்று மீன்வள ஆய்வாளர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்டில் பொய்யில்லை. சண்டை குறைகிறது, நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்கிவிடுவதில்லை. ஆனால் சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் சீட்டு; அந்தப் பெயர் பிறப்பால் வருவது. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பாடு இல்லை. ஏரியோரத் தலித் குடும்பங்களுக்கும் இல்லை. அவர்கள் படுவது வேறு பாடு.

இன்று நாங்கள் பேச வந்தது மீனைப் பற்றியல்ல. இதே மக்கள் ஏரியை விட்டுக் கரையேறிச் செய்யும் வேலையைப் பற்றியும், அந்த வேலையின் பெயரால் சேர்ந்திருக்கும் இன்னொரு பொதுச்சொத்தைப் பற்றியும். கட்டுமானத் தொழிலாளர் நலநிதி என்பது அதன் பெயர். அதிலிருந்து நடத்தப்படும் தொழிற்பயிற்சிக்கும் ஒரு பட்டியல் உண்டு. யார் எழுதிய பட்டியல், யார் அதில் விடுபட்டார்கள் என்று கேட்பதுதான் எங்கள் நோக்கம்.

பழவேற்காட்டுக்கு உடலுழைப்பைக் கப்பலேற்றிய வரலாறு பழையது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு துணி வாங்கியதைப் பாடநூல்கள் சொல்கின்றன. இதே துறையிலிருந்து அடிமைகளை வாங்கி பத்தாவியாவுக்கு அனுப்பியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பஞ்சம் வந்த ஆண்டுகளில் விற்கப்பட்டவர்கள் எவராக இருந்திருப்பார்கள் என்று இந்த அவைக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

நம் காலத்தில் உடல்கள் கப்பலேறவில்லை, கட்டடங்கள் இங்கே வந்தன. வடக்கே 1970களின் தொடக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தது. ஏனாதி மக்கள் தீவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தெற்கே 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2010இல் மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் ஆலை, அடுத்தடுத்து வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம். காட்டுப்பள்ளிக் குப்பம் இடம்பெயர்க்கப்பட்டது. எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்தது. முகத்துவாரம் மணல் மூடித் திறந்து, ஏரியில் வரும்படி குறைந்தபோது குப்பங்களிலிருந்தும் சேரிகளிலிருந்தும் பெண்கள் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் சித்தாள் வேலைக்குப் போனார்கள். பாடு இல்லாதவர்களே முதலில் போனார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பட்டினவர் வீடுகளிலிருந்தும் பிறகு போகத் தொடங்கினார்கள்.

இந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றும் ஒரு தொகையைக் கட்டக் கடமைப்பட்டவை. 1996ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் நலத் தீர்வைச் சட்டம், கட்டுமானச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு வரை தீர்வை வசூலிக்கச் சொன்னது. நடைமுறையில் 1 விழுக்காடு. நிலத்தின் விலை இந்தக் கணக்கில் சேராது. 1,000 கோடி ரூபாய்க்குக் கட்டுமானம் எழுந்தால் 10 கோடி தொழிலாளர் நலவாரியத்துக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் இது இன்னும் பழையது. சங்கங்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. கட்டட வரைபட அனுமதியின்போதே மதிப்பீட்டில் 0.3 விழுக்காடு பிடிக்கப்பட்டது, பின்னாளில் அது 1 விழுக்காடானது. மத்தியச் சட்டத்துக்காக நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு தழுவிய இயக்கமே நடந்தது.

அனல்மின் நிலையம் கட்டும் முதலாளிகள் இதிலிருந்து தப்பப் பார்த்தார்கள். நாங்கள் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வருகிறோம், கட்டுமானச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். கட்டி முடித்து உற்பத்தி தொடங்கும்வரை அது கட்டுமான இடம்தான், அங்கே வேலை செய்பவர் கட்டுமானத் தொழிலாளர்தான் என்று லான்கோ அன்பரா வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே, 2011இல், திவான் சந்த் பில்டர்ஸ் வழக்கில் இந்தத் தீர்வை வரி அல்ல, கட்டணம் என்று தீர்ப்பானது. வழக்கறிஞர்களுக்கு இது சட்ட நுணுக்கம், நமக்கு உயிர்நாடி. வரி என்றால் அரசுக் கருவூலத்தில் கலந்துவிடும், எதற்கும் செலவழிக்கலாம். கட்டணம் என்றால் யார் பெயரால் வாங்கினார்களோ அவர்களுக்குத்தான் போக வேண்டும். ஆக, இது சித்தாளின் பணம். சலுகை என்று இதைச் சொல்லும் அமைச்சர்களை நாம் திருத்த வேண்டும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் பொறுப்பில் இருந்த 1944 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டம் வந்தது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நிலக்கரிக்குத் தீர்வை விதித்து, அதைத் தொழிலாளரின் குடியிருப்புக்கும் மருத்துவத்துக்கும் நலனுக்கும் ஒதுக்குவது அதன் சாரம். 1946இல் மைக்கா சுரங்கத் தொழிலாளருக்கும் அதேபோல ஒரு நிதி உருவானது. முதலாளி அடிக்கடி மாறுவான், ஒப்பந்தக்காரன் ஓடிவிடுவான், கூலிக்குக் கணக்கே இருக்காது. ஆனால் பொருள் வெளியே போகும் வாசல் ஒன்றுதான், அங்கே நின்று பிடித்தால் போதும் என்ற கூர்மை அந்தச் சட்டங்களில் தெரிகிறது. கட்டுமானத் தீர்வையும் அதே வாசலில்தான் நிற்கிறது. போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டமும் அன்று அம்பேத்கரின் துறையிலேயே இருந்தது. நலநிதி ஒரு கையிலும் தொழிற்பயிற்சி மறு கையிலும் ஒரே மேசையில் இருந்த காலம் அது. அம்பேத்கரை அரசியலமைப்புச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இந்த நான்கு ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சென்னை மாகாணத்தில் இதற்கும் முன்பே ஒரு வேடிக்கை நடந்தது. 1920 வாக்கில் தாழ்த்தப்பட்டோர் நலனைக் கவனிக்கும் பொறுப்பு லேபர் கமிஷனரிடம் கொடுக்கப்பட்டது. சேரிப் பள்ளிகளுக்கே லேபர் ஸ்கூல் என்று பேர். தலித் என்றால் கூலியாள், கூலியாள் என்றால் தலித் என்று அரசாங்கமே எழுதிவைத்துக்கொண்டது. 'திறனற்ற தொழிலாளி' என்று இன்றைய கூலி அட்டவணைகள் சொல்லும்போது அந்தப் பழைய சமன்பாடு முழுதாகப் போய்விட்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

கட்டட வேலையின் ஏணியைப் பாருங்கள். மேலே மேஸ்திரி, பிறகு கொத்தனார், பெரியாள், அடியில் சித்தாள். கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் கொத்தனார் கையில். சாந்துச்சட்டியும் செங்கல்லும் சித்தாள் தலையில். ஒரு பையன் சித்தாளாக வந்தால் சில ஆண்டுகளில் யாராவது அவனிடம் கரணையைக் கொடுத்துப் பூசச் சொல்வார்கள். அவனோடு வந்த பெண் இருபது ஆண்டு கழித்தும் சித்தாள்தான். கலவை சரியா, தண்ணீர் அதிகமா என்று அவள் கைபட்டதும் சொல்லிவிடுவாள். ஆடும் சாரத்தில் தலைச்சுமையோடு ஏறி இறங்குவாள். இதற்குத் திறன் என்று பெயர் வைக்க எந்த அட்டவணையிலும் இடமில்லை. கரணையைக் கையில் கொடுப்பது மேஸ்திரியின் விருப்பம். அந்த விருப்பம் சொந்தம் பார்க்கிறது, சாதி பார்க்கிறது, ஆணா பெண்ணா என்று பார்க்கிறது. இந்த ஏணியில் மேஸ்திரியின் தயவு இல்லாமல் ஏற ஒரு வழி வேண்டும் என்பதற்காகத்தான் தொழிற்பயிற்சி தேவை.

1996ஆம் ஆண்டுச் சட்டம் வாரியத்தின் கடமைகளை அடுக்கும்போது விபத்து உதவி, ஓய்வூதியம், வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், மகப்பேறு என்று சொன்னது. பயிற்சியைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. 'பிற நலத் திட்டங்கள்' என்ற கடைசி வாசல் வழியாகத்தான் அது நுழைந்தது. பிரிட்டனில் நிலைமை தலைகீழ். அங்கே 1964ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த கட்டுமானத் தொழிற்பயிற்சி வாரியம் முதலாளிகளிடம் தீர்வை வாங்குவதே பயிற்சிக்காக. ஆள் எடுத்துப் பழக்கும் நிறுவனத்துக்கு அந்தப் பணம் மானியமாகத் திரும்புகிறது. பழக்காதவன் கட்டியது பழக்குகிறவனுக்குப் போகும். அங்கும் குறைகள் உண்டு. ஆனால் தொழிலாளியைப் பழக்கும் செலவு முதலாளியுடையது என்பதை அந்தச் சட்டம் ஐயமில்லாமல் சொல்கிறது. நம் ஊரில் முதலாளி 1 விழுக்காடு கட்டிவிட்டுக் கைகழுவுகிறான். யாரையும் பழக்குவதில்லை.

தமிழ்நாட்டில் வாரியத்தின் பயிற்சி இப்போது நடக்கிறது. மூன்று மாதப் பயிற்சியில் ஒரு மாதம் தையூரில் உள்ள கட்டுமானக் கழகத்தில், இரண்டு மாதம் காஞ்சிபுரம் அருகே எல் அண்ட் டி நிறுவனத்தின் பயிற்சி நிலையத்தில். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைக் கட்டியதும் அதே நிறுவனம்தான் என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு. ஒரு வாரப் பயிற்சியும் உண்டு. கொத்து வேலை, கம்பி வளைத்தல், தச்சு, மின் வேலை, குழாய் பொருத்துதல் ஆகியவற்றில் பயிற்சியும் சான்றிதழும். வேலைக்குப் போகாத நாளுக்கு இழப்பீடாகத் தினம் 800 ரூபாய். கூலிக்காரருக்குப் பயிற்சி நாளிலும் சோறு வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட இந்த 800 ரூபாயை நாங்கள் மனதாரப் பாராட்டுகிறோம். அதற்குத் தகுதிகள்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், வாரியத்தில் பதிந்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

இந்தத் தகுதிகளைப் பழவேற்காட்டில் வைத்துப் பாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத இருளர் பெண் வெளியே. மீனவர் நலவாரியத்தில் பதிந்தவர் வெளியே; ஒருவர் ஒரு வாரியத்தில்தான் இருக்கலாம் என்பதால், ஆண்டில் பாதி நாள் வலையும் பாதி நாள் சட்டியுமாக வாழும் குடும்பம் எது தன் தொழில் என்று அரசிடம் ஒன்றைத்தான் சொல்ல முடியும். கட்டுமான வாரியத்தில் பதிய, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். கடலுக்கும் கட்டடத்துக்கும் இடையே மாறி மாறிப் போகிறவருக்கு அதை நிறுவுவது எளிதல்ல. தப்பித்தவறிப் பதிந்து மூன்று ஆண்டைக் கடந்தவர்களுக்கும் மூன்று மாதப் பயிற்சி எங்கே? பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, தையூர் தெற்கே கேளம்பாக்கத்துக்கு அப்பால். பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஒரு வாரம் என்பதோ, ஏற்கெனவே வேலை தெரிந்த கொத்தனாருக்குச் சான்றிதழ் தரப் போதுமானது. கரணையைத் தொடவே விடப்படாதவளுக்கு ஒரு வாரத்தில் என்ன வந்துவிடும்? ஏணியில் ஏறிவிட்டவருக்குப் பயிற்சி, அடியில் நிற்பவருக்கு அறிவிப்பு. பாட்டுப் பட்டியலைப் போலவே இங்கும் சீட்டு நேர்மையாகக் குலுக்கப்படுகிறது. குலுக்கலுக்கு முன்பே ஆள் வடிகட்டப்பட்டாகிவிட்டது.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2018 மார்ச் 19 அன்று நீதியரசர் மதன் லோகூர் அமர்வு தந்த தீர்ப்பில் வெளிவந்த கணக்கு இது: நாடு முழுக்க வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடி. மீதி கிடந்தது. செலவானதிலும் மடிக்கணினி, சலவை இயந்திரம் என்றெல்லாம் வாங்கியிருந்ததைக் கண்டு நீதிமன்றமே திகைத்தது.

இன்னொரு பேச்சும் குப்பங்களில் கேட்கிறது: வடக்கத்திக்காரர்கள் வந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் திட்டத்தின் கட்டுமான இடத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். அவர்கள் யாருடைய வேலையையும் பிடுங்க வந்தவர்கள் அல்லர். உள்ளூர்ப் பெண்ணைச் சித்தாளாகவே வைத்திருக்கும் ஏற்பாடும், அசாம் இளைஞனைப் பயிற்சியில்லாமல் உயரத்தில் ஏற்றும் ஏற்பாடும் ஒரே ஒப்பந்தக்காரனின் கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த வரிகள். சாரம் கட்டவும், கட்டிய சாரத்தைச் சோதிக்கவும் பழக்குவது நலத் திட்டம் மட்டுமல்ல, உயிர்காக்கும் வேலை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தீர்வைச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்தது. திறன் மேம்பாடு வாரியத்தின் கடமைகளில் ஒன்றாக இப்போது பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. இது நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி. அதே தொகுப்பு தீர்வையை முதலாளியே தனக்குத் தானே மதிப்பிட்டுக் கட்டலாம் என்கிறது. சொந்தக் குடியிருப்புக்கான வீடுகளில் முன்பு 10 லட்சம் வரை இருந்த விலக்கை 50 லட்சம் வரை உயர்த்தியிருக்கிறது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் சித்தாள்கள் பெரும்பாலும் வேலை பார்ப்பது இத்தகைய வீடுகளில்தான். கடமையை எழுதிவிட்டு வருமானத்தைக் குறைக்கும் இந்தச் சாமர்த்தியத்தை நாம் கவனிக்காமல் விடக் கூடாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் பழவேற்காட்டிலேயே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையோடு, எழுத்தறிவு கேட்காமல், சித்தாளாக வேலை செய்கிற பெண்களுக்கு முன்னுரிமை தந்து, தினம் 800 ரூபாயோடு கொத்து வேலையும் சாரம் கட்டுதலும் பழக்கலாம் என்பது எங்கள் முன்மொழிவு. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திருவள்ளூர் மாவட்டத்துக்காக வாரியத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். காட்டுப்பள்ளி, எண்ணூர், வல்லூர்த் திட்டங்கள் ஒவ்வொன்றும் இதுவரை கட்டிய தீர்வை எவ்வளவு? பயிற்சி பெற்ற தொழிலாளர்களில் பெண்கள் எத்தனை பேர், ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் எத்தனை பேர்? அவர்களில் சித்தாளாகப் பதிந்து பயிற்சிக்குப் பின் கொத்தனாராக மாற்றிப் பதியப்பட்டவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது கேள்விக்குப் பதிலாக 'விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.