கேல்4: வெட்டி ஒட்டிய புரதத்தின் கதை

ரொட்டி ஈஸ்ட்டில் கேலக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் கேல்4. நீளம் 881 அமினோ அமிலங்கள். 1960களில் அமெரிக்காவின் சியாட்டிலில் டக்ளஸும் ஹாத்தோர்னும் கேலக்டோஸைப் பயன்படுத்த முடியாத ஈஸ்ட் வகைகளைக் கலப்பு செய்து, இதன் மரபணுவின் பங்கை ஊகித்தார்கள். புரதத்தையே பார்க்காமல் போட்ட கணக்கு அது.

1985இல் ஹார்வர்டில் பிரெண்டும் டாஷ்னியும் செய்த சோதனைதான் திருப்பம். கேல்4-இல் டி.என்.ஏ.வைப் பற்றும் முன்முனையை வெட்டிவிட்டு, அங்கே லெக்ஸ்ஏ என்னும் பாக்டீரியாப் புரதத்தின் துண்டை ஒட்டினார்கள். லெக்ஸ்ஏ பற்றும் இடத்தை ஒரு மரபணுவுக்கு முன்னால் வைத்ததும் அந்த மரபணு இயங்கியது. பற்றுவது ஒரு பகுதி, தூண்டுவது வேறு பகுதி!

தூண்டும் பகுதி வால்முனையில் இருக்கிறது. கேலக்டோஸ் இல்லாதபோது கேல்80 என்னும் இன்னொரு புரதம் அதை மூடிக்கொள்கிறது. கேலக்டோஸ் வந்ததும் கேல்3 என்னும் புரதம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. 1992இல் வெளியான படிக அமைப்பு முன்முனையைக் காட்டியது: இரு மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்து, டி.என்.ஏ.வில் 17 கார இணைகள் கொண்ட இடத்தின் இரு ஓரங்களையும் பிடிக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு சிஸ்டீன்கள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி வளைக்கின்றன.

இதற்குள் 1989இலேயே, புரதங்கள் ஒன்றோடொன்று சேர்வதைக் கண்டறிய ஃபீல்ட்ஸும் சாங்கும் கேல்4-இன் பற்றும் பகுதியையும் தூண்டும் பகுதியையும் கருவியாக்கியிருந்தார்கள். 1993இல் பழ ஈக்களின் ஆய்வுக்கும் கேல்4 போய்ச் சேர்ந்தது.