அமோனியாவை எரித்தால் எஞ்சுவது என்ன? எண்ணூரை முன்வைத்து ஒரு கணக்கு

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூர் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடு இருளில் வீடுகளை விட்டு வெளியேறினர். ஆலையருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா பதிவானது. 24 மணி நேரச் சராசரிக்கான தேசிய வரம்பு 400. கசிந்தது 67.63 டன் என அரசின் தொழில்நுட்பக் குழு கணித்தது.

கசிவுக்கு மூக்கே சாட்சி. ஆனால் அமோனியாவைக் கையாளும் ஆலைகள், அழுத்தம் மிகும்போதும் குழாய்களைக் காலிசெய்யும்போதும், அவ்வாயுவை உயரமான குழாயின் முனையில் எரித்துவிடுவதுண்டு. பிளேரிங் எனப்படும் இம்முறையில் அமோனியா பெரும்பாலும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகிறது என்பது உண்மையே. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள்தான் சிக்கல் இருக்கிறது.

இயற்கை எரிவாயு எரிகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் முதன்மையாகக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து, வெப்பத்தால் உருவாகின்றன. அமோனியாவோ தன் மூலக்கூறிலேயே நைட்ரஜனைச் சுமந்து வருகிறது. ஆகவே இரண்டு கணக்குகள் தேவை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம், எரிகோபுரத்துக்குச் செல்லும் அமோனியாவின் எடையில் 0.5 விழுக்காடு நைட்ரஜன் ஆக்சைடாகும் எனக் கொள்கிறது. டன்னுக்கு 5 கிலோ. வெப்பத்தால் உருவாவதற்கு அந்நாட்டுக் கூட்டாட்சி முகமையின் காரணியை, அதாவது கிகாஜூலுக்குச் சுமார் 29 கிராமைப் பயன்படுத்தினால், டன்னுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. இக்காரணி புரொப்பிலீன், புரொப்பேன் கலவையை எரித்துப் பெறப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

எண்ணூரில் கசிந்த அளவையே உதாரணமாகக் கொள்வோம். 67.63 டன்னை எரித்திருந்தால் ஏறத்தாழ 375 கிலோ நைட்ரஜன் ஆக்சைடுகள். 0.5 விழுக்காட்டை 1 என மாற்றினால் 700 கிலோவைத் தாண்டும். எரிதல் 98 விழுக்காடே நிகழ்ந்தால், எரியாத அமோனியாவே 1.35 டன் வெளியேறும். அமோனியாவின் எரிதிறன் குறைவு. துணை எரிபொருள் போதாவிட்டாலும் பலத்த காற்று வீசினாலும் அந்த 98 நிலைக்காது. நைட்ரஜன் ஆக்சைடுகளை மட்டும் காட்டும் அறிக்கை, இந்தப் பெரிய பங்கைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

திறந்த சுடருக்குப் புகைபோக்கி இல்லை. கருவி பொருத்தி நேரடியாக அளப்பது கடினம். எனவே காரணியைத் தேர்பவர் கையில் மாசின் அளவு இருக்கிறது. தேர்பவர் பெரும்பாலும் ஆலை நிர்வாகமோ அது அமர்த்தும் ஆலோசகரோ. மூச்சுவிடுபவர்கள் மீனவர்களும், கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர்களும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்க வேண்டியது மொத்த டன் கணக்கை மட்டுமன்று. எரித்த நேரம், மணிவாரியான வாயு ஓட்டம், துணை எரிபொருளின் அளவு, பயன்படுத்திய காரணி, அது எந்த வாயுவை எரித்துப் பெறப்பட்டது ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேட்க வேண்டும்.