வார்த்தையும் வசனமும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்க் கிறித்தவப் பள்ளிகளில் சுயசிந்தனை

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அதன் எல்லையூர்களில் வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமும் பழகும் பிள்ளைகள் உண்டு. இவ்விருமொழி நிலை குறையாக எண்ணப்படுவதுண்டெனினும், கிறித்தவப் பள்ளிகள் மாணவரின் சுயசிந்தனையை வளர்க்க அதைவிட அருகிலுள்ள கருவி வேறில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். சுயசிந்தனை என்பது ஆசிரியரை எதிர்த்துப் பேசும் துணிச்சல் அன்று. ஒரு கூற்றை ஏற்பதற்கோ ஐயுறுவதற்கோ தானே ஆராய்ந்து காரணம் காட்டும் பழக்கமே அது.

1806இல் மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூருக்கு வந்தபின் இலண்டன் மிஷன் சங்கத்தார் தோற்றுவித்த பள்ளிகள், எழுத்து மறுக்கப்பட்டிருந்த சாதியாரின் பிள்ளைகளுக்கு எழுத்தை அளித்தன. அப்பெருமை குறைத்துச் சொல்லத்தக்கதன்று. ஆயினும் எழுத்தோடு ஞானோபதேச வினாவிடையும், அதாவது கேள்வியையும் விடையையும் சேர்த்தே அச்சிட்டுத் தரும் சமயப் பாடமும், வந்தது. அதன் பிழை மனப்பாடத்தில் இல்லை. சூத்திரத்தை ஒப்புவித்த பின்னரே உரையாசிரியரோடு வாதிடும் மரபு தமிழுக்குப் பழையது. கேள்வி கேட்கும் உரிமை ஒரு பக்கத்திலேயே தங்கியதுதான் பிழை. (இன்றைய தேர்வுத்தாளும் சமயத்தின் பெயரின்றி அதையே செய்கிறது.)

அவ்வுரிமையை மாணவர் பக்கம் கொண்டுவர இருமொழி எப்படி உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் ‘லோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் பேச்சு, காரணம், கணக்கு எனப் பல பொருள் தாங்குவது. தமிழ் வேதாகமம் அதை ‘வார்த்தை’ என்கிறது; மலையாள வேதபுத்தகம் ‘வசனம்’ என்கிறது. தமிழ்க் கிறித்தவருக்கு வசனம் என்றால் அதிகாரத்துள் எண்ணிட்ட ஒரு பகுதி. மலையாள நாளிதழ் படிப்பவருக்கு ‘வார்த்த’ என்றால் செய்தி. இரு நூல்களையும் ஏழாம் வகுப்பு மாணவியின் முன் அருகருகே வைத்தால், எது சரி என்ற கேள்வியை அவளே எழுப்புவாள். அதற்கு அச்சிட்ட விடை இல்லை. கடவுளைக் குறிக்கும் சொல்லே தமிழில் நிலைத்து நின்றதில்லை: வேதாகம மொழிபெயர்ப்பாளருள் சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார், பப்ரீசியுஸ் ‘பராபரன்’ என்றார், 1871இல் முழுமையாக வெளிவந்த பவரின் திருத்தம் ‘தேவன்’ என்றது, 1995இன் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றது. இதை அறியும் மாணவிக்கு நூலின் புனிதம் குலைவதில்லை. நூலுக்கும் தனக்கும் நடுவே மனித அறிவு எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது புலனாகிறது.

கேள்வி பெருகினால் விசுவாசம் தளரும் என்ற அச்சத்துக்கு விடை வேதாகமத்திலேயே உள்ளது: பவுலின் போதனையையும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் புகழ்கிறது. சட்டத்தின் துணையோ ஓரளவே கிட்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் இசைவின்றி எவரையும் சமயப் போதனையில் பங்கேற்கச் செய்யலாகாது என்று அரசியலமைப்பின் 28(3) கூறினும், சிறாருக்காக அவ்விசைவைத் தருபவர் காப்பாளரே. நாட்டுப்பண் பாடாமல் மரியாதையுடன் எழுந்து நின்ற கேரளப் பிள்ளைகள் மூவரை 1986இல் உச்ச நீதிமன்றம் காத்தபோதும், காக்கப்பட்டது அவர்களது மௌனமே. கேள்விக்கு இடம் தருவது வகுப்பின் பொறுப்பாகவே எஞ்சுகிறது.

இருமொழி நூல்களை அருகருகே வைக்கும் இம்முறைக்கு ஒரு தடை உண்டு: மலையாளம் மட்டுமே கற்ற ஆசிரியரால் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க இயலாது. அவ்வகுப்பில் தமிழ் வாசிக்கத் தெரிந்த மாணவி எழுந்து விளக்க, ஆசிரியர் கேட்டிருக்க நேரும்.